இரு தீவுகளின் வழக்கறிஞர்

கவிஞர்கள் கூடும் வட்டம் ஒன்றின் பத்தாண்டு நிறைவு மலருக்கு ஒரு வழக்கறிஞரின் வாழ்க்கையை எழுதித் தருவது பொருந்துமா என்ற ஐயம் முதலில் எனக்கே எழுந்தது. அவர் தமிழரும் அல்லர். பரோடாவில் பிறந்த குஜராத்தியர். கவிதை எழுதியவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. ஆயினும் பிஜி என்ற தீவின் பெயரை நம்முள் பெரும்பாலோர் முதன்முதலில் கேட்டது பாரதியாரின் கரும்புத் தோட்டத்திலே என்ற பாடலில்தான். அந்தத் தீவைப் பாரதியார் கண்டதில்லை. காணாத கடலுக்கு அப்பாலிருந்து பெண்களின் அழுகை அவர் செவிவரை வந்து சேர்ந்தது என்றால், அதைச் சுமந்து வந்த தடம் ஒன்று இருந்திருக்க வேண்டும். நீதிமன்ற வாக்குமூலங்கள், மனுக்கள், கடிதங்கள், சிறு செய்தித்தாள்கள் ஆகியவற்றால் ஆன தடம் அது. அத்தடத்தை இட்டவர்களுள் முன் வரிசையில் நிற்பவர் மணிலால் மகன்லால் டாக்டர். டாக்டர் என்பது அவர் பெற்ற பட்டம் அன்று, குடும்பப் பெயர். மருந்துக்குப் பதில் அவர் கையில் இருந்தது சட்டப் புத்தகம்.

1881ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பிறந்த மணிலால், பம்பாயில் பட்டங்கள் பெற்று, பாரிஸ்டர் ஆவதற்காக இலண்டன் சென்றார். அக்காலத்தில் இலண்டனில் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா நடத்திவந்த இந்தியா இல்லம் இளைஞர் பலருக்குச் சூடேற்றிய இடம். மணிலாலும் அங்கே பழகினார். 1906ஆம் ஆண்டின் இறுதியில், தென்னாப்பிரிக்க இந்தியர்களின் குறைகளை எடுத்துரைக்கத் தூதுக்குழுவுடன் வந்திருந்த காந்தியடிகளை அவர் சந்தித்தார். இளம் பாரிஸ்டர் ஊர் திரும்பிப் பொருள் ஈட்டும் தொழிலில் அமர்ந்துவிடாமல் மொரீசியசுத் தீவுக்குப் போக வேண்டும் என்பது காந்தியடிகளின் விருப்பம். அவ்விருப்பத்துக்குக் காரணம் இருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1901ஆம் ஆண்டில், தென்னாப்பிரிக்காவிலிருந்து இந்தியா திரும்பும் வழியில் அவரது கப்பல் மொரீசியசில் தங்கியது. ஏறத்தாழ மூன்று வாரம் அவர் அத்தீவில் இருந்தார். மக்களில் பெரும்பாலோர் இந்திய வழியினர். ஆனால் அவர்களுக்காக நீதிமன்றத்தில் பேசவும் ஆட்சியாளரிடம் முறையிடவும் அவர்களுள் ஆளில்லை. இதை அவர் நேரில் கண்டிருந்தார்.

அந்தத் தீவின் நிலையைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் மணிலால் எதன் நடுவே போய் இறங்கினார் என்பது விளங்கும். 1834ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் அட்லசு என்ற கப்பல் 36 தொழிலாளரைப் போர்ட் லூயி துறைமுகத்தில் இறக்கியது. அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் இயற்றப்பட்டிருந்த காலம். அடிமைகளின் இடத்தில் கரும்பு வெட்ட வேறு கைகள் வேண்டியிருந்தன. 1910 வரை ஏறத்தாழ நான்கரை இலட்சம் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டனர். கல்கத்தா வழியாக வந்தோரே மிகுதி. சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்த தமிழரும் தெலுங்கரும் கணிசமானவர். தமிழர்க்கு அத்தீவு முற்றிலும் புதியதன்று. பிரெஞ்சு ஆளுநர் லாபூர்தொன்னே காலத்திலேயே, 1730களில், புதுச்சேரிப் பக்கத்துக் கொத்தர்களும் கைவினைஞர்களும் போர்ட் லூயியைக் கட்ட அழைத்துச் செல்லப்பட்டிருந்தனர். துறைமுக நகரைக் கட்டிய கைகளின் வழிவந்தோரும், கரும்புக் கொல்லைக்கு வந்த கூலிகளும் ஒரே மொழியைப் பேசினாலும் ஒரே நிலையில் வாழவில்லை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

கூலியின் வாழ்வைத் தாள்களே ஆண்டன. தான் படிக்க இயலாத ஒப்பந்தத் தாளில் அடையாளம் இட்டுக் கப்பல் ஏறினான். இறங்கியதும் அவனுக்கு ஓர் எண். ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் விடுதலை இல்லை. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி, பழைய குடியேறிகள் எனப்பட்ட அவர்கள் தம் புகைப்படம் ஒட்டிய சீட்டையும் காவல்துறை அனுமதியையும் எப்போதும் மடியில் வைத்திருக்க வேண்டும். சீட்டின்றி அகப்பட்டவனை ஊர்சுற்றி என்று சிறையில் தள்ளலாம். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியை வெட்டும் முறையும் நெடுங்காலம் வழங்கிவந்தது. அன்று எடுத்த புகைப்படங்கள் இன்றும் மொரீசியசில் காப்பகத்தில் உள்ளன. ஒளிப்படத்தின் வாழ்நாளில் அத்தனை ஏழைகளின் முகங்களை அத்தனை தொகையாகப் பதிவு செய்த இடங்கள் உலகில் அதிகமில்லை. பதிவு செய்தவர்களின் நோக்கம் அவர்களைப் பிடிப்பது.

தாளைத் தாளால் எதிர்த்த முயற்சி ஒன்று மணிலாலுக்கு முன்பே அத்தீவில் நடந்தது. பாரிசில் பிறந்த, செருமானிய வழியினரான அடோல்ப் டி பிளெவிட்சு என்ற தோட்டக்காரர், கூலிகள் படும் பாட்டைப் பொறாமல் அவர்களுக்காக ஒரு மனு எழுதினார். அவருக்குத் துணை நின்றவர் இராசரத்தின முதலியார் என்ற தமிழர். 1871ஆம் ஆண்டில் ஆளுநர் ஆர்தர் கார்டனிடம் அளிக்கப்பட்ட அந்த மனுவில் 9,401 பேர் அடையாளமிட்டிருந்தனர். தோட்ட முதலாளிகள் கொதித்தனர். பிளெவிட்சைத் தீவிலிருந்து விரட்ட வேண்டும் என்று அவர்களும் ஒரு மனு எழுதினர். தெருவில் வைத்து அவரை அடிக்கவும் செய்தனர். ஆயினும் அம்மனுவின் விளைவாக 1872இல் அரச ஆணையம் ஒன்று வந்து விசாரித்தது. சில கொடுமைகள் குறைந்தன. சில ஆண்டுகளில் பிளெவிட்சு தீவை விட்டே நீங்கினார். அடுத்த முப்பதாண்டுகளுக்கு மேல் அந்தப் பணியைத் தொடர்ந்து எடுத்துச் செய்ய ஆளில்லாமல் கிடந்தது.

1907ஆம் ஆண்டு அக்டோபரில் மணிலால் போர்ட் லூயியில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. நீதிமன்றத்தில் அவர் முதலில் நடத்த நேர்ந்தது தம் வழக்கையே எனலாம். இந்தியர் நீதிமன்றத்துள் நுழைந்தால் தலைப்பாகையையும் காலணியையும் கழற்ற வேண்டும் என்பது அங்கிருந்த வழக்கம். மணிலால் மறுத்தார். டர்பன் நீதிமன்றத்தில் 1893ஆம் ஆண்டில் காந்தியடிகள் தலைப்பாகையைக் கழற்ற மறுத்து வெளியேறியது நம் நினைவுக்கு வரும். இதைத் தனிமனிதனின் தன்மானம் என்று மட்டும் கொள்வது போதாது. சாட்சிக் கூண்டின் அருகே வெறுங்காலோடு ஒடுங்கி நின்று பழகிய தோட்டத் தொழிலாளி, தன்னைப் போன்ற நிறமுடைய ஒருவர் தலைப்பாகையோடு நிமிர்ந்து நின்று நீதிபதியோடு ஆங்கிலத்தில் வாதாடுவதைக் கண்டான். சட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும், அந்தக் காட்சிக்கு அவனிடம் வேறொரு பொருள் இருந்திருக்கும்.

தொழிலாளரின் வழக்குகளை அவர் ஏற்று நடத்தினார். மாலை வேளைகளிலும் விடுமுறை நாள்களிலும் ஊர் ஊராகப் போய்க் கூட்டங்களில் பேசினார். 1909ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள் தி இந்துஸ்தானி என்ற செய்தித்தாளைத் தொடங்கினார். தனிமனிதனின் விடுதலை, மனிதருள் உடன்பிறப்புணர்வு, இனங்களுக்குள் சமநிலை ஆகிய மூன்றும் அதன் முகப்புக் கொள்கைகள். தொடக்கத்தில் ஆங்கிலத்திலும் குஜராத்தியிலும் வந்தது. குஜராத்தி வணிகர்க்கு உதவியது, கூலிகளுக்கு எட்டவில்லை. தவற்றை உணர்ந்து குஜராத்தியை நீக்கி இந்தியைச் சேர்த்தார். தமிழ் அதில் இடம்பெறவில்லை. பத்தாண்டுகளாக மாதந்தோறும் தமிழில் எழுதியும் படித்தும் கூடிவரும் நம்மைப் போன்றவர்க்கு இது சிறு வருத்தம் தரும் செய்திதான். தீவிலிருந்த தமிழரும் தெலுங்கரும் தமக்காகப் பேசிய இதழைப் பிறர் வாய்வழியாகவே கேட்டறிய வேண்டியிருந்தது. அவரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. கூலிக் கப்பல்கள் பல மொழிகளை ஒரே கொட்டடியில் இறக்கின; அவை அனைத்திலும் பேச ஒரு மனிதரால் ஆகாது.

அதே 1909ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து சர் பிராங்க் சுவெட்டனாம் தலைமையில் அரச ஆணையம் ஒன்று மொரீசியசுக்கு வந்தது. தீவின் பொருளாதார நிலையை ஆராய்வதே அதன் முதன்மை நோக்கம். மணிலால் அதன்முன் சென்று இந்தியத் தொழிலாளரின் நிலையை விளக்கிச் சாட்சியம் அளித்தார். கூலி இறக்குமதியை நிறுத்திவிடலாம் என்று ஆணையம் பரிந்துரைத்தது. 1910ஆம் ஆண்டோடு மொரீசியசுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் செல்வது நின்றது. இது மணிலால் ஒருவரின் சாதனை என்று எழுதினால் மிகையாகும். தீவில் ஆள் மிகுந்துவிட்டது, சர்க்கரையின் விலை முன்போல் இல்லை, இந்தியாவில் எதிர்ப்பு வளர்ந்துவந்தது. ஆனால் ஆணையத்தின் ஏட்டில் கூலியின் தரப்பை அவன் சார்பில் சொன்ன இந்தியக் குரல் பதிவானதற்கு அவர் காரணம். 1911ஆம் ஆண்டின் முடிவுக்குள் அவர் மொரீசியசை விட்டு நீங்கிவிட்டார். விதைத்த நிலத்தில் விளைவைக் காண அவர் தங்கவில்லை. அத்தீவின் ஆட்சி மன்றத்துக்கு இந்திய வழியினர் இருவர் முதன்முதலில் தேர்ந்தெடுக்கப்பட 1926 வரை ஆயிற்று.

அடுத்த அழைப்பு பசிபிக் கடலிலிருந்து வந்தது. பிஜியில் 1879ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் லியோனிடாசு என்ற கப்பல் முதற்கூலிகளை இறக்கியது. 1916 வரை அறுபதாயிரத்துக்குச் சற்று மேற்பட்டோர் அங்கே சேர்ந்தனர். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. நம் ஊர்களிலிருந்து போனவர்கள் கடைசியாக வந்து சேர்ந்த கூட்டத்தார். மொழி புரியாத இடத்தில் வடநாட்டு சர்தார்களின் கீழ் வேலை செய்தனர். ஒப்பந்தம் என்பதற்குரிய ஆங்கிலச் சொல் அவர்கள் வாயில் கிர்மிட் ஆயிற்று. ஐந்தாண்டு ஒப்பந்தம். அளந்துவிட்ட வேலையை முடித்தால் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு சில்லிங்கு, பெண்ணுக்கு ஒன்பது பென்சு. முடிக்காவிட்டால் அது குற்றம். கூலிக்குறைப்போடு போகாமல் நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் இட்டுச்செல்லும். லயன்களில் பத்தடிக்கு ஏழடி அளவான அறை ஒவ்வொன்றிலும் மணமாகாத ஆடவர் மூவர், அல்லது ஒரு குடும்பம். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில் கப்பலேற்றப்பட்டதால் பெண்களுக்கு நேர்ந்த துன்பம் சொல்லில் அடங்காது. மேலாளர்களின் கொடுமை ஒருபுறம், கூலிகளுக்குள்ளேயே பொறாமையும் கொலையும் மறுபுறம். தொழிலாளர் தம் வாயால் அந்த வாழ்வுக்கு இட்ட பெயர் நரகம்.

பிஜியில் வழக்காடத் தெரிந்தவர்கள் வெள்ளையர்களே. அவர்கள் கேட்ட கட்டணம் ஏழைகளால் தாங்கக்கூடியதாக இல்லை. தோத்தாராம் சனாட்யா என்ற முன்னாள் கூலியும் அவர் நண்பர்களும் தமக்கு ஓர் இந்திய வழக்கறிஞரை அனுப்பி உதவுமாறு காந்தியடிகளுக்கு எழுதினர். அவர் அக்கடிதத்தைத் தம் இந்தியன் ஒப்பீனியன் இதழில் வெளியிட்டார். அதைப் படித்து முன்வந்தவர் மணிலால். அவ்வேளையில் அவர் காந்தியடிகளின் நெருங்கிய நண்பர் பிராண்சீவன் மேத்தாவின் மகள் செயக்குன்வரை மணந்திருந்தார். மாமனார் இரங்கூனில் செல்வாக்குள்ள வணிகர். வசதியான வாழ்வுக்கு வழியிருந்தும் மணிலால் உலகின் மறு கோடிக்குக் கப்பலேறினார். 1912ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களின் இறுதியில் பிஜி சேர்ந்தார். சேர்த்து வைத்த சில்லிங்குகளைத் தமக்குள் திரட்டி அவர் வரவுக்கு வழிசெய்தவர்கள் கரும்புக் கொல்லை மக்கள்தாம். பிஜியில் தொழில் நடத்திய முதல் இந்திய வழக்கறிஞர் அவரே.

அவர் வந்த மறுஆண்டு குந்தி என்ற பெண்ணின் செய்தி வெளிப்பட்டது. தனித்து வேலைக்கு விடப்பட்ட இடத்தில் மேலாளர் ஒருவர் தகாத முறையில் நெருங்க, அவள் ஆற்றில் குதித்துத் தப்பினாள். அவளுடைய வாக்குமூலம் இந்திய இதழ்களில் வெளிவந்து பெரும் கொதிப்பை உண்டாக்கியது. பிஜி அரசு அதைப் பொய் என்று காட்ட முயன்றது. சனாட்யா இந்தியா திரும்பி, பிஜியில் தாம் கழித்த இருபத்தோராண்டு வாழ்வை 1914ஆம் ஆண்டில் இந்தி நூலாக வெளியிட்டார். 1915ஆம் ஆண்டில் சி. எப். ஆண்ட்ரூசும் பியர்சனும் நேரில் சென்று ஆராய்ந்து அறிக்கை தந்தனர். மதன்மோகன் மாளவியர் 1916ஆம் ஆண்டு மார்ச்சில் பேரரசுச் சட்டமன்றத்தில் ஒப்பந்த முறையை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். இப்படித்தான் தீவின் குரல் நாட்டில் கேட்டது. ஆற்றில் குதித்த ஒரு பெண் தன் கதையைச் சொல்ல, எழுத்தறிந்த ஒருவர் எழுதிக்கொள்ள, அது கடல் கடந்து அச்சேறியது. நம் பாட்டுகளுக்கு முன்னும் இவ்வாறான தாள்கள் உள்ளன என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

மணிலாலைப் பிஜி அரசு தொடக்கம் முதலே ஐயத்தோடு நோக்கியது. 1916ஆம் ஆண்டில் ஆட்சி மன்றத்துக்கு இந்தியர் ஒருவரை நியமிக்க முடிவாயிற்று. மக்கள் விரும்பியது மணிலாலை. அரசு நியமித்தது பத்ரி மகராசு என்பவரை. மணிலால் பரோடா சமஸ்தானத்தில் பிறந்தவர், ஆகவே பிரித்தானியக் குடிமகன் ஆகார் என்று காரணம் காட்டப்பட்டது. பிரித்தானியர் நடத்திய பாரிஸ்டர் தேர்வில் தேறி, அவர்களின் இரு குடியேற்றங்களில் அவர்களின் சட்டத்தைக் கொண்டே வழக்காடியவருக்கு இப்படி ஒரு விளக்கம்! கூலியை அடக்கிய அதே தாளின் தந்திரம் வழக்கறிஞரையும் தொட்டுவிட்டது.

1917இல் இந்தியன் செட்லர் என்ற இதழை அங்கே தொடங்கினார். 1918ஆம் ஆண்டில் இந்தியன் இம்பீரியல் அசோசியேசன் என்ற அமைப்பை நிறுவித் தலைமை ஏற்றார். பேரரசு என்ற சொல்லைத் தம் அமைப்பின் பெயரில் சேர்த்துக்கொண்டவரைப் பேரரசின் பகைவர் என்று பின்னாளில் சொன்னது விந்தை. இதற்குள் இந்திய அரசு 1917இல் ஆள்சேர்ப்பை நிறுத்திவிட்டது. எஞ்சிய ஒப்பந்தங்கள் அனைத்தும் 1920ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நீக்கப்பட்டன. கிர்மிட் முடிந்தது.

விடுதலை நாளின் களிப்பு இரண்டு வாரம்கூட நீடிக்கவில்லை. உலகப் போரால் அரிசி, மாவு, துணி ஆகியவற்றின் விலை இரு மடங்காகியிருந்தது, கூலி உயரவில்லை. சனவரி 15ஆம் நாள் சூவா நகரில் பொதுப்பணித் துறைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். நாளொன்றுக்கு ஐந்து சில்லிங்கு வேண்டும் என்பது கோரிக்கை. நிறுத்தம் நகரைச் சுற்றிலும் பரவியது. இந்த இடத்தில் மணிலாலைவிட அவர் மனைவி செயக்குன்வரின் பெயரையே முதலில் சொல்ல வேண்டும். பெண்களைத் திரட்டிக் கூட்டங்கள் நடத்தியவர் அவர். ஆளுநர் ராடுவெல்லிடம் சென்று அரிசி விலையைப் பற்றியும் அடுப்பைப் பற்றியும் பேசிய பெண்களுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. லயன் வாழ்வில் யாருடைய மானம் மிகுதியாகப் பறிபோனதோ அவர்களே முன்னணியில் நின்றார்கள். அவர்களை ஆட்சியாளர்கள் அஞ்சியது அரசுக் குறிப்புகளிலேயே தெரிகிறது.

நியூசிலாந்திலிருந்து படைவீரர்களும் ஆசுதிரேலியாவிலிருந்து போர்க்கப்பலும் வரவழைக்கப்பட்டன. பிப்ரவரி 13ஆம் நாள் சாமாபூலா பாலத்தருகே காவலர் சுட்டதில் தொழிலாளி ஒருவர் இறந்தார், பலர் காயமுற்றனர். சில நாள்களில் வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது. ஏறத்தாழ இருநூறு பேர் பிடிபட்டனர்.

மணிலால் இந்த வேலைநிறுத்தத்தை நடத்தினாரா, அல்லது நடந்ததற்குத் துணை நின்றாரா என்பதில் வரலாற்றாசிரியரிடையே ஒத்த கருத்தில்லை. தொழிலாளர் தம் வயிற்றின் காரணமாகவே எழுந்தனர், அவர் சட்ட வழியையே சொல்லிவந்தார் என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. அரசுக்கு இந்த ஆய்வு தேவைப்படவில்லை. அவர்மேல் வழக்குத் தொடுக்கவில்லை. தொடுத்தால் சான்று காட்ட வேண்டும், அவரோ நீதிமன்றத்தில் வாயாடத் தெரிந்தவர். 1875ஆம் ஆண்டின் அமைதி காப்புச் சட்டம் ஒன்றைத் தேடி எடுத்து, மார்ச்சு 27ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தது. மணிலாலும் செயக்குன்வரும் வேறு இருவரும் இரண்டாண்டுகளுக்கு வீத்தி லேவு, ஓவலாவு தீவுகளிலும், வனுவா லேவுவின் மக்குவாத்தா மாவட்டத்திலும் தங்கக் கூடாது. இந்தியர் வாழ்ந்த இடங்கள் ஏறத்தாழ எல்லாம் இவற்றுள் அடங்கிவிட்டன. எஞ்சிய சிறு தீவுகளில் வழக்கறிஞருக்கு என்ன வேலை? நாடு கடத்துகிறோம் என்று சொல்லாமலே நாடு கடத்திய ஆணை அது. விசாரணையின்றி, ஒரு தாளின் வலிமையால், ஏப்ரலில் அவர்கள் கப்பலேறினர். பிஜி மண்ணை மணிலால் மீண்டும் மிதிக்கவில்லை.

வெளியேற்றம் பிஜியோடு நிற்கவில்லை. நியூசிலாந்தில் வழக்கறிஞராகப் பதிவுசெய்ய விண்ணப்பித்தார். அங்குள்ள சட்டக் கழகம் எதிர்த்தது, நீதிமன்றமும் மறுத்தது. ஆசுதிரேலியாவிலும் இலங்கையிலும் அவருக்குக் கதவு திறக்கவில்லை. ஒரு குடியேற்றத்தின் ஆணை மற்றக் குடியேற்றங்களில் நற்சான்றை அழிக்கும் தாளாக அவருக்கு முன்னே போய்ச் சேர்ந்தது. சீட்டில்லாத கூலி ஊர்சுற்றியாகக் கருதப்பட்ட மொரீசியசில் பொதுவாழ்வைத் தொடங்கியவர், தாமே துறைமுகம் துறைமுகமாக அலையும் நிலைக்கு வந்தார்.

இந்தியா திரும்பிய மணிலால் கயையில் தங்கியிருந்தார். 1922ஆம் ஆண்டு டிசம்பரில் அங்கே காங்கிரசு மாநாடு கூடியது. அம்மாநாட்டுக்குச் சென்னையிலிருந்து சென்றவர் ம. சிங்காரவேலர். கூலிகளின் வாழ்வைத் தீவுகளில் கண்டு வந்தவரும், சென்னை ஆலைத் தொழிலாளரோடு நின்றவரும் அங்கே சந்தித்தனர். தொழிலாளர்க்கும் உழவர்க்கும் தனிக்கட்சி வேண்டும் என்ற எண்ணம் இருவர்க்கும் பொது. அதற்கான அறிக்கை ஒன்றை மணிலால் தம் பெயரால் 1923இல் சுற்றுக்கு விட்டார். அதே ஆண்டு மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்துஸ்தான் தொழிலாளர் உழவர் கட்சியைத் தொடங்கினார். இந்தியாவில் முதன்முதலாகக் கொண்டாடப்பட்ட மே நாள் என்று நாம் பெருமையோடு சொல்லும் நாள் அது. அந்நாளின் பின்னணியில் பிஜியிலிருந்து விரட்டப்பட்ட ஒரு குஜராத்தியின் பங்கும் உண்டு என்பது நம்மிடையே பேசப்படுவதில்லை. அந்த இயக்கத்தில் மணிலால் நெடுநாள் நீடிக்கவில்லை. சிங்காரவேலர் தொடர்ந்தார், மறு ஆண்டில் கான்பூர் சதி வழக்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. துன்பத்தின் பங்கு இங்கே சிங்காரவேலர்க்கே மிகுதி. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு மணிலால் ஏடன் துறைமுகத்தில் பல ஆண்டுகள் வழக்கறிஞராக வாழ்ந்தார். அவ்வாழ்வில் எழுதுவதற்குப் பெரிய நிகழ்ச்சிகள் குறைவு. அவர் விட்டுவந்த தீவுகளில் அவருக்குப் பின்னரும் பணிகள் நடந்தன. பிஜித் தென்னிந்தியர்க்கு 1926ஆம் ஆண்டில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் பிறந்தது; அதைத் தோற்றுவித்த சாது குப்புசாமி தாமும் ஒப்பந்தக் கூலியாக அத்தீவுக்கு வந்தவரே. தாய்மொழிப் பள்ளிகளை அச்சங்கம் நடத்தியது. மொரீசியசில் தமிழ் எழுத்தைப் பற்றிய உணர்வு எவ்வளவு ஆழமானது என்பதற்கு நம் காலத்துச் சான்று ஒன்று உண்டு. 1998ஆம் ஆண்டில் வெளியான பணத்தாள்களில் வழக்கத்துக்கு மாறாக இந்தி எழுத்து தமிழுக்கு மேலே அச்சிடப்பட்டபோது தமிழர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. எண்ணும் சீட்டுமாக அடையாளம் பெற்றவர்களின் பேரர்கள் தாளில் தம் எழுத்து நிற்கும் இடத்தைப் பற்றிக் கவலைப்பட்டது எனக்குச் சிறு செய்தியாகத் தோன்றவில்லை.

மணிலால் டாக்டர் 1956ஆம் ஆண்டு சனவரியில் பம்பாயில் மறைந்தார். போர்ட் லூயியின் கம்பெனித் தோட்டத்தில் அவருக்குச் சிலை உண்டு. கூலிகள் இறங்கிய துறைப்படிகள் அதே நகரில், அவ்விடத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கின்றன. பதினாறு கற்படிகள். 2006ஆம் ஆண்டில் அந்த இடம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

அவர் இறப்பதற்கு எட்டாண்டுகளுக்கு முன், 1948ஆம் ஆண்டில், மொரீசியசில் ஒரு தேர்தல் நடந்தது. அதுவரை சொத்தும் வருமானமும் உள்ளவர்க்கே வாக்கு. புதிய அரசியல் சட்டப்படி, தீவில் வழங்கும் ஏதேனும் ஒரு மொழியில் எளிய வாக்கியம் ஒன்றைப் படிக்கவும் எழுதவும் தெரிந்த, இருபத்தொரு வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் வாக்காளர் ஆகலாம். அம்மொழிகளுள் தமிழும் ஒன்று. பசுதேவ் பிசூந்தயாளும் அவருடைய தொண்டர்களும் தோட்டக் குடியிருப்புகளில் இரவுப் பாடம் நடத்தினர். பகலில் கரும்பு வெட்டிய முதியவர்கள் விளக்கடியில் அமர்ந்து தம் பெயரை எழுதப் பழகினர். வாக்காளர் தொகை ஏறத்தாழப் பன்னிரண்டாயிரத்திலிருந்து எழுபத்திரண்டாயிரத்தை எட்டியது. அத்தேர்தலில் போர்ட் லூயித் தொகுதியிலிருந்து சென்றவர்களுள் ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழரும் ஒருவர். அவரும் வழக்கறிஞர்.